கத்திக்கு வாழ்க்கைப்பட்டவள்

பெண் பார்க்கிறவர்கள் பாடத் தெரியுமா என்று கேட்பார்கள், சமைக்கத் தெரியுமா என்று கேட்பார்கள். முனிலட்சுமியைப் பார்த்த சரோஜம்மாள் அதெல்லாம் கேட்கவில்லை. "என்னைத் தூக்கு, பாக்கலாம்" என்றாள்.

ராயபாளையத்துப் பெரிய வீட்டு நடுக்கூடத்தில் கயிற்றுக் கட்டிலில் கிடந்தாள் சரோஜம்மாள். பக்கவாதத்தில் வலது கையும் வலது காலும் விழுந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. நாக்கை மட்டும் வியாதி தொடவில்லை. வியாதிக்கும் பயம் இருக்காதா என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். முனிலட்சுமி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஒரு கையைத் தோளுக்குக் கீழும் மறு கையை முழங்காலுக்குக் கீழும் கொடுத்துக் கிழவியைத் தூக்கினாள். மாந்தோப்பில் காய்க்கூடை சுமந்த கை. அலுங்காமல் தூக்கி, அலுங்காமல் படுக்க வைத்தாள்.

"பொண்ணு புடிச்சிருக்கு" என்றாள் சரோஜம்மாள்.

கையைக் கட்டிக்கொண்டு நின்ற வெங்கடப்பனுக்கு, முனிலட்சுமியின் அப்பனுக்கு, கண் கலங்கிவிட்டது. அவனும் அதே குலம்தான். ஆனால் நொடித்துப்போன கிளை. இந்த வீட்டுத் தோப்புக்கே காவல்காரன். மகள் இந்த வீட்டு மருமகள் ஆவாள் என்று எந்தக் கிளி ஜோசியனும் அவனுக்குச் சொன்னதில்லை.

மாப்பிள்ளை மேஜர் திம்மராயன் அப்போது கொரியாவில் இருந்தார். சண்டை ஓய்ந்த இடத்தில் கைதிகளைக் காக்க நம்முடைய பட்டாளம் போயிருந்த வருஷம் அது. பட்டாளம் பட்டாளம் என்று இருந்ததில் வயது நாற்பதை எட்டிக்கொண்டிருந்தது, கல்யாணம் ஆகவில்லை. "அவன் வர ரெண்டு வருசம் ஆவும். அதுக்கென்ன, எங்க வூட்டுல கத்திக் கல்யாணம் உண்டு" என்றாள் சரோஜம்மாள்.

அந்தக் காலத்துப் பாளையக்காரர்கள் சண்டைக்குப் போன இடத்திலிருந்து முகூர்த்தத்துக்கு வர முடியாவிட்டால் கத்தியை அனுப்பி வைப்பார்கள். மணையில் கத்தியை வைத்து, தாலியை அதில் தொட்டெடுத்து, வீட்டுப் பெண்களே பெண்ணின் கழுத்தில் கட்டிவிடுவார்கள். பாளையம் போய் நூற்றைம்பது வருஷம் ஆயிற்று. கோட்டை இருந்த மேட்டில் எருமை மேய்கிறது. வழக்கம் மட்டும் போகவில்லை. போக வேண்டியது போகாது, இருக்க வேண்டியது இருக்காது, அதுதானே நம் ஊர்.

"தொரைக்குச் சம்மதங்களா?" என்று வெங்கடப்பன் மெல்லக் கேட்டான்.

"என் வயித்துல பொறந்தவன் எம் பேச்சத் தட்டுவானா?"

அது பதில் இல்லை. வெங்கடப்பனுக்கு அது பதிலாகப் பட்டது. ஏழைக்கு எதிர்க் கேள்வி கேட்க வராது.

கத்தி வீட்டிலேயே இருந்தது. பர்மா சண்டையில் ஒரு பாலத்தை விடாமல் காத்ததற்காக, வெள்ளைக்காரக் கர்னலும் மற்ற அதிகாரிகளும் சேர்ந்து திம்மராயனுக்குப் பரிசாகக் கொடுத்த கத்தி. பிடி முழுக்கத் தங்கமுலாம். பிடியின் நுனியில் சிங்கத் தலை. அலகில் கொடிகளும் பூக்களும் செதுக்கி, நடுவில் இங்கிலீஷில் அவர் பெயரை வெட்டியிருந்தார்கள். வெட்டுவதற்கென்று செய்ததல்ல அது, பார்ப்பதற்கென்று செய்தது. தீட்டாத முனை. ஒரு வெள்ளரிப் பிஞ்சைக்கூட நறுக்காது.

அந்தக் கத்திக்குப் பட்டுத் தலைப்பாகை கட்டி மணையில் சாய்த்து வைத்தார்கள். பக்கத்தில் முனிலட்சுமி உட்கார்ந்தாள். கெட்டிமேளம் கொட்டும்போது ஓரக்கண்ணால் மாப்பிள்ளையைப் பார்ப்பது பெண்களின் வழக்கம். அவளும் பார்த்தாள். சிங்கம் வாயைத் திறந்துகொண்டிருந்தது. குலத்துப் பெரியவர் கோவிந்தப்பன் தாலியைக் கத்தியில் மூன்று தரம் தொட்டுக் கொடுக்க, பங்காளி வீட்டுப் பெண்கள் முடிச்சுப் போட்டார்கள். மறுநாள் விடியும் முன்பே சரோஜம்மாள் கூப்பிட்டுவிட்டாள். படுக்கை நனைந்திருந்தது.

அப்படி இரண்டு வருஷம் ஓடியது. தூக்க வேண்டும், கழுவ வேண்டும், துடைக்க வேண்டும், முதுகில் புண் வராமல் புரட்டிப் போட வேண்டும். கை தாமதித்தால் கிழவி தமிழில் திட்டுவாள். கோபம் முற்றினால் தெலுங்குக்குப் போய்விடுவாள். நல்ல இடது கையால் எட்டிய மட்டும் கிள்ளுவாள். முனிலட்சுமியின் புஜத்தில் பச்சை பச்சையாகக் கன்றிய தடம் எப்போதும் இருக்கும். "புருசன் வரட்டும்" என்று அவள் மனசுக்குள் சொல்லிக்கொள்வாள். அந்த ஒரு வார்த்தையில்தான் அவள் உயிர் நின்றது.

புருஷன் வரும்வரை கத்திதான் புருஷன் என்று பெரியவர்கள் சொல்லியிருந்தார்கள். அவளும் அப்படியே நடந்தாள். இலை போட்டு முதல் கவளத்தைக் கத்திக்கு முன்னால் வைத்துவிட்டுத்தான் சாப்பிடுவாள். வெள்ளிக்கிழமைதோறும் மஞ்சளும் குங்குமமும் வைப்பாள். குத்துவிளக்குத் தேய்க்கிற நாளில் கத்தியையும் எடுத்து வைத்துக்கொண்டு, பிடியைப் புளி போட்டுப் பளபளவென்று தேய்ப்பாள். தங்கமுலாம் என்றால் என்னவென்று அவளுக்கு யார் சொன்னார்கள்? பித்தளை மாதிரி இருந்தது, பித்தளைக்குச் செய்வதைச் செய்தாள்.

ஐம்பத்தைந்தாம் வருஷம் சித்திரையில், தோப்பில் காய் இறங்கிக்கொண்டிருந்தபோது, கொரியாவிலிருந்து வடக்கு எல்லைக்கு மாற்றலாகிப் போயிருந்த மேஜர் வந்தார். ஜீப்பிலிருந்து இறங்கியவரை முனிலட்சுமி பார்த்தாள். உயரம், முறுக்கிய மீசை, இஸ்திரி மடிப்பு. சமையற்கட்டுக் கதவுக்குப் பின்னால் ஓடி நின்றுகொண்டாள். அவர் அம்மாவைப் பார்த்தார், நலம் கேட்டார். பிறகு நேராகக் கத்தி இருந்த அறைக்குள் போனார்.

"யாரு இதுல மஞ்சளத் தடவினது?"

வீடு அதிர்ந்தது. வேறு யாரும் வாய் திறக்காததால் அவள் உள்ளே போனாள்.

"நாந்தாங்க."

"பிடி ஏன் இப்படி வெளுத்துக் கெடக்கு? இதுல இருந்த தங்கம் எங்க?"

"புளி போட்டுத் தேய்ப்பேங்க. வாராவாரம்."

கன்னத்தில் அறை விழுந்தது. புருஷனின் கை அவள்மேல் பட்ட முதல் தடவை அதுதான். காது கொய்யென்று இரைந்தது. அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து, மிருதுவான தோல் துண்டு ஒன்றை எடுத்து, எழுத்துப் பள்ளங்களில் இறுகிப்போன குங்குமத்தைத் தீக்குச்சி முனையால் நோண்டி எடுக்க ஆரம்பித்தார். குழந்தைக்குக் காது துடைப்பதுபோல அத்தனை பதமாகச் செய்தார். அந்தப் பதத்தைப் பார்த்து அவளுக்குப் பொறாமையாக இருந்தது.

நிமிர்ந்து பார்த்தபோது அவள் இன்னும் நின்றுகொண்டிருந்தாள். "நீ யாரு?" என்றார்.

இந்தக் கேள்விக்கு ஒரு பெண்டாட்டி எப்படிப் பதில் சொல்வாள்? அவள் ரவிக்கைக்குள்ளிருந்து தாலியை எடுத்து வெளியே விட்டாள்.

"அது தெரியுது. யாரு பொண்டாட்டி?"

கூடத்திலிருந்து சரோஜம்மாள் குரல் கொடுத்தாள். மகனோடு பேசுவதால் தெலுங்கில்தான் பேசினாள். ராயபாளையத்தில் பிறந்தவளுக்குத் தெலுங்கு புரியாதா? கிழவி அதை மறந்தாளோ, இல்லை இவளுக்குப் புரிந்தால் என்ன என்று நினைத்தாளோ. கூலிக்கு வருகிறவள் ஒருத்தியும் ஒரு மாசம் தங்குவதில்லை என்றாள். தாலியைக் கட்டி வைத்தால் எங்கே ஓடுவாள் என்றாள். உனக்குச் சொல்லாமல்தான் செய்தேன், சொன்னால் நீ ஒத்துக்கொள்ள மாட்டாய் என்றாள்.

மேஜர் சிரித்தார். நன்றாக, வாய்விட்டுச் சிரித்தார். "கழட்டிட்டுப் போகச் சொல்லும்மா. தாலிப் பொன்ன அவளே வெச்சுக்கட்டும்" என்றார். வைகாசியில் அவருக்கு பெங்களூரில் கல்யாணம் பேசி முடித்தாயிற்று. பெண்ணின் அப்பா பெரிய கன்டிராக்டர்.

"கல்யாணம் முடியட்டும்டா. அதுவரைக்கும் என்னை யாரு தூக்கறது?" என்றாள் சரோஜம்மாள்.

முனிலட்சுமி அன்று கிழவியைத் தூக்கவில்லை. நேராகத் தோப்புக்கு நடந்து அப்பனிடம் சொன்னாள். வெங்கடப்பன் தலையில் அடித்துக்கொண்டு கோவிந்தப்பனிடம் ஓடினான்.

கோவிந்தப்பன் கூட்டிய குலக் கூட்டத்துக்கு மேஜர் வந்திருக்க வேண்டியதே இல்லை. ஆனால் குலத்துப் பெரியவர்கள் தாம்பூலம் மாற்றாத கல்யாணத்துக்கு பெங்களூர்க் கன்டிராக்டர் சம்மதிக்க மாட்டான். அதனால் வந்தார். கோயிலடிப் புங்கமரத்தின்கீழ் நாற்காலி போடச் சொல்லி, கத்தியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அது ஓர் அதிகாரியின் தோரணை.

"கோர்ட்டுக்குப் போனா இது கல்யாணமே இல்ல, தெரியுமா?"

"கோர்ட்டு கிருஷ்ணகிரியில இருக்குது தொர. நாங்க இங்க இருக்கோம்" என்றார் கோவிந்தப்பன். சத்தம் போடாத மனுஷர். வழக்கம் என்று வந்துவிட்டால் நூல் பிடித்தாற்போல் நடப்பார், இந்தப் பக்கம் ஒரு மயிரிழை, அந்தப் பக்கம் ஒரு மயிரிழை விலகமாட்டார். "கத்தி உங்களுது. கட்டினது நம்ம வழக்கம். நீங்க இவளைச் சேத்துக்கணும்."

"கத்தியத்தான கட்டிக்கிட்டா? கத்தியோடவே குடும்பம் நடத்தட்டும்."

கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். சிரித்தவர்களில் பாதிப் பேர் அவர் நிலத்தில் உழுகிறவர்கள். முனிலட்சுமி அப்பனுக்குப் பின்னால் நின்றிருந்தாள். இரண்டு நாளாக அவள் வேறெதையும் நினைக்கவில்லை. தீக்குச்சி முனையால் குங்குமம் எடுத்த அந்தக் கையைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். இந்த மனுஷனுக்கு உலகத்தில் ஆசை என்று ஒன்று உண்டென்றால் அது மடியில் கிடக்கிறது. அதை வைத்துத்தான் அவரைக் கட்ட முடியும் என்று அவளுக்குத் தோன்றியது. முன்னால் வந்தாள்.

"சண்டையில செத்தவங்க கத்திய உடைச்சு வூட்டுக்கு அனுப்புவாங்களாம். அதப் பாத்துட்டுத்தான் பொண்டாட்டி தாலிய எடுப்பாளாம். இவரு அந்தக் கத்திய உடைக்கட்டுங்க, நான் கழட்டிடறேன். உடைக்கலன்னா அந்த வூட்டுலதான் இருப்பேன்."

 கோவிந்தப்பன் தலையை ஆட்டி, "பொண்ணு சொல்றது வழக்கந்தான்" என்றார்.

மேஜர் கத்தியைப் பார்த்தார். உருவிப் பார்த்தார். முனிலட்சுமி அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தாள். பாவம், ஒரு மனுஷன் தனக்கு உயிரான ஒன்றை வெறுப்புக்காகவும் உடைப்பான் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? இருபது வயதில் அதெல்லாம் தெரிந்திருக்க நியாயமில்லை.

"உடைச்சா முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது. அப்பறம் அவ விதவை. கருமாதி பண்ணிடணும்."

"என்ன வேணா பண்ணிக்கோங்க" என்று எழுந்தார்.

கோயில் வாசல் கற்களின் இடுக்கில் அலகைச் செருகி வளைத்தார். கத்தி வில்லாக வளைந்தது, விட்டதும் விறைத்து நிமிர்ந்தது. மறுபடியும் வளைத்தார். மறுபடியும் நிமிர்ந்தது. "புருசன் சாவமாட்டேங்கறான்" என்று எவனோ பின்னாலிருந்து சொன்னான். மேஜரின் முகம் சிவந்தது. கொல்லன் பட்டறையிலிருந்து சம்மட்டி கொண்டுவரச் சொன்னார். கொல்லன் அடிக்க மறுத்துவிட்டான், அவரே அடித்தார். ஒரு பெரிய சத்தத்தோடு அலகு இரண்டாகத் தெறித்தது.

அவர் அழுதார். எல்லாரும் பார்க்க, மீசை துடிக்க, துண்டுகளைக் கையில் எடுத்துக்கொண்டு அழுதார். அந்த அழுகையில் ஒரு சொட்டும் தனக்கு இல்லை என்பதை முனிலட்சுமி பார்த்துக்கொண்டு நின்றாள்.

கருமாதி மார்க்கண்ட நதிக்கரையில் நடந்தது. வளையலை உடைத்தார்கள். பொட்டை அழித்தார்கள். பூவை எடுத்து ஆற்றில் விட்டார்கள். எல்லாருடைய கைகளும் சுறுசுறுப்பாக இருந்தன. கல்யாணத்துக்கு முடிச்சுப் போட்ட அதே பங்காளி வீட்டுப் பெண்கள்தான் தாலியையும் அறுத்தார்கள். மேஜர் கொஞ்சம் தள்ளி ஜீப்பில் சாய்ந்து சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தார். முடிந்தது என்று கண்ணால் பார்த்துவிட்டு பெங்களூர் போக வேண்டும் அவருக்கு.

எள்ளுத் தண்ணீர் விடும் நேரத்தில் புரோகிதர் நிமிர்ந்தார். "செத்தவர் பேரச் சொல்லுங்கோ."

 கத்திக்கு ஏது பேர்? பேர் இல்லாமல் எள்ளுத் தண்ணீர் விடமுடியாது. விட்டால் அது வழியில் போகிற பேய்க்குப் போய்ச் சேரும். கோவிந்தப்பன் உடைந்த அலகை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல ஏதோ பேரு வெட்டியிருக்குது. நமக்கு இங்கிலீசு தெரியாது. தொர, என்ன பேருங்க போட்டிருக்குது?"

மேஜருக்குப் பொறுமை போய்விட்டது. "எம் பேருதான்! திம்மராயன்! சீக்கிரம் முடிங்கய்யா" என்று அங்கிருந்தே கத்தினார்.

"திம்மராயன்" என்றார் கோவிந்தப்பன், புரோகிதரிடம், அமைதியாக. அவர் அசடா, இல்லை ஆழங்காண முடியாத ஆளா என்று இன்றுவரை அந்த ஊரில் இரண்டு கட்சி உண்டு.

புரோகிதர் குலம் கேட்டார், கோத்திரம் கேட்டார், அப்பா பேர், தாத்தா பேர் எல்லாம் கேட்டு மந்திரத்தில் சேர்த்தார். "நீயும் பேரச் சொல்லி விடும்மா" என்று முனிலட்சுமியிடம் சொன்னார். புருஷன் பேரைச் சொல்லக் கூடாது என்று இரண்டு வருஷம் வாயைக் கட்டியிருந்தவள். திம்மராயன் என்று மூன்று தரம் சொல்லி மூன்று தரம் எள்ளுத் தண்ணீர் விட்டாள். மூன்றாவது தரம் அவள் குரல் நடுங்கவில்லை.

மறுநாள் காலையில் சவரத்துக்கு ஆள் அனுப்பினார் மேஜர். நாவிதன் சென்றாயன் வந்தான், ஆனால் பெட்டியைக் கொண்டுவரவில்லை.

"தொர மன்னிக்கணும். நேத்து உங்க கருமாதியில தீட்டுக் கழிச்சது நாந்தான். அரிசியும் வேட்டியும் வாங்கிட்டேன். இன்னைக்கு உங்களுக்கே செரைச்சா, நாளைக்கு எவன் எங்கிட்ட தலையக் குடுப்பான்?"

மேஜர் சிரிக்கத்தான் செய்தார். கிருஷ்ணகிரிக்குப் போய்ச் சவரம் செய்துகொண்டார். ஆனால் பெங்களூர்க்காரர்கள் சிரிக்கவில்லை. சீர் பேச வந்த கன்டிராக்டரின் மைத்துனன் குந்தாரப்பள்ளிச் சந்தையில் டீ குடிக்க இறங்கியிருக்கிறான். சந்தையில் மாட்டைவிடப் பேச்சுத்தான் அதிகம் விலை போகும். மாப்பிள்ளைக்குப் பிண்டம் வைத்து நாலு நாள் ஆகிறது என்று கேள்விப்பட்டதும், டீயைப் பாதியில் வைத்துவிட்டுக் காரைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான்.

அதற்குப் பிறகுதான் மேஜர் கோவிந்தப்பனின் வீட்டுக்குப் போனார். இதற்கு மாற்று உண்டா என்று கேட்டார். உண்டு என்றார் கோவிந்தப்பன். கருமாதி ஆனவன் உயிரோடு திரும்பினால் அவனைப் புதிதாகப் பிறந்தவனாக வைத்து, பேர் சூட்டி, காது குத்தி, விட்ட பெண்டாட்டிக்கே மறுபடியும் தாலி கட்டவைக்க வேண்டும். அவளுக்குச் சம்மதம் இருக்க வேண்டும். அதுவரை அவன் கை பட்ட எதுவும் ஊரில் செல்லாது. மேஜர் இங்கிலீஷில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் பட்டாளத்துக்கே கிளம்பிப் போய்விட்டார்.

முனிலட்சுமி அப்பன் வீட்டில் இருந்தாள். வெள்ளைச் சேலை. மாங்காய் பேச வந்த வியாபாரி காலையில் அவள் முகத்தில் விழித்துவிட்டு, காறித் துப்பிவிட்டு, அப்புறம் வருவதாகச் சொல்லிப் போனான். சித்தப்பன் மகள் கல்யாணத்தில், பந்தலுக்கு வெளியே மாட்டுக்கொட்டகைப் பக்கம் நின்று சாப்பிட்டுப் போகச் சொன்னார்கள். தொட்ட புருஷனுமில்லை, தொடாத புருஷனுமில்லை, விதவைத்தனம் மட்டும் முழுசாக வந்து சேர்ந்தது. அவள் தாலிக்கு ஏங்கினாள். அதை ஒளிக்க என்ன இருக்கிறது? மஞ்சள் பூசிய கழுத்தோடு எவளாவது எதிரில் வந்தால் வயிறு எரிந்தது.

தை மாசத்தில் சரோஜம்மாளுக்கு மறுபடி வாதம் வந்தது. பார்க்க ஆளில்லாமல் முதுகெல்லாம் புண்ணாகிப் புழு வைத்திருந்தது. தந்தி கிடைத்து மகன் ஓடிவந்தார். ஆனால் கையில் தண்ணீர்த் தம்ளரோடு கட்டிலை நெருங்கியபோது கோவிந்தப்பன் குறுக்கே கையை நீட்டினார். செத்தவன் கைத் தண்ணீர் வாயில் விழுந்தால் அந்த ஆத்மா கரையேறாது. கொள்ளியும் அப்படித்தான். கிழவி அதைக் கேட்டுக்கொண்டு கிடந்தாள். அவள் நம்பிக்கையும் அதுதான், கடைசிவரை அவள் வாழ்ந்த வழக்கமும் அதுதான். பேச்சு நின்றுபோயிருந்தது. கண் மட்டும் மகனையே பார்த்தது.

அன்று மத்தியானம் மேஜர் தோப்புக் குடிசைக்கு வந்தார். கூட கோவிந்தப்பன். மேஜரின் கையில் ஒரு தட்டு, தட்டில் கூறைச் சேலை, அதன்மேல் புதுத் தாலி.

"மகராசி, சரின்னு சொல்லுடி" என்று வெங்கடப்பன் மகளின் காலில் விழாத குறையாகச் சொன்னான். "போன வாழ்வு திரும்பி வந்திருக்குதுடி."

முனிலட்சுமி தாலியைப் பார்த்தாள். அது வெயிலில் மின்னியது. கை அதுவாக நீண்டுவிடும் போலிருந்தது. கைகளை முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டாள்.

"கட்டினப்பறம் நான் எங்கங்க இருப்பேன்?" என்று கேட்டாள்.

மேஜர் பொய் சொல்லத் தெரியாதவர். அந்த ஒன்று அவரிடம் நல்ல குணம். "அம்மா கண்ண மூடற வரைக்கும் அங்க இரு. அப்பறம் எங்க வேணா இரு. நான் பட்டாளத்துக்குப் போயிடுவேன். எனக்கு இது அம்மாவுக்காக."

"என்னைக் கூட்டிட்டுப் போக மாட்டீங்க."

"உன்னையா?" என்றார்.  

 கோவிந்தப்பனைப் பார்த்துத்தான் பேசினாள், மேஜரைப் பார்க்கவில்லை.

"எம் புருசன் செத்துட்டாருங்க, பெரியவரே. எங் கையாலயே மூணு தரம் எள்ளுத் தண்ணி உட்டேன். செத்தவங்க எந்திரிச்சு வந்தா நான் என்னங்க பண்றது?"

"ஏய்!" என்றார் மேஜர். பிறகு, அவர் வாழ்க்கையில் யாரிடமும் சொல்லியிருக்காத ஒரு வார்த்தையைச் சொன்னார். "தயவுபண்ணு. தாகத்தோட கெடக்கறா."

அது அவளுக்கு இனித்தது. சொல்லித்தான் ஆக வேண்டும், இனித்தது. தன் கழுத்தையும் சேர்த்து அறுக்கிற இனிப்பு என்று தெரிந்தே அதை நாக்கில் வைத்துக்கொண்டாள். "சம்மதமில்லீங்க" என்றாள். வெங்கடப்பன் மண்ணில் உட்கார்ந்துவிட்டான்.

கோவிந்தப்பன் வற்புறுத்தவில்லை. வழக்கம் என்ன சொல்கிறதோ அதை மட்டும் சொன்னார். மகன் இல்லாத இடத்தில் மகனுடைய விதவைக்குத் தண்ணீர் விடும் உரிமை உண்டு. வருகிறாயா என்றார். வருகிறேன் என்றாள்.

பெரிய வீட்டுக் கூடத்தில் நாற்றம் தாங்க முடியவில்லை. பங்காளிகள் மூக்கை மூடிக்கொண்டு சுவரோரம் நின்றார்கள். மேஜர் வாசற்படிக்கு வெளியே நின்றார், உள்ளே வர அவரை விடவில்லை. முனிலட்சுமி தம்ளரில் தண்ணீர் எடுத்துக்கொண்டு கட்டிலருகில் உட்கார்ந்தாள். கை பழக்கத்தில் கிழவியின் தோளுக்குக் கீழே போய், அலுங்காமல் தூக்கி, மடியில் சாய்த்துக்கொண்டது. எலும்பும் தோலுமாக, ஒரு கூடை மாங்காய் அளவுகூடக் கனக்கவில்லை. உதடு வெடித்துப் பாளம் பாளமாக இருந்தது.

"குடிங்க அத்த" என்றாள்.

சரோஜம்மாள் அவளைப் பார்த்தாள். பிறகு வாசலில் நின்ற மகனைப் பார்த்தாள். பல்லைக் கடித்து வாயை இறுக மூடிக்கொண்டாள். ஊற்றிய தண்ணீர் கடைவாயில் வழிந்து, கழுத்தில் இறங்கி, பாயை நனைத்தது.

"அம்மா, குடி" என்று வாசலிலிருந்து மேஜர் கத்தினார். "குடிம்மா!"

கிழவி வாயைத் திறக்கவில்லை. கண் மகனிடமே நின்றது. வாசலில் அவர் விம்மி அழும் சத்தம் கேட்டது. சுவரோரம் நின்றவர்களில் ஒருத்தி, "இன்னொரு தரம் ஊத்திப் பாரு, இப்ப தொறப்பாங்க" என்றாள். தம்ளரில் பாதிக்குமேல் தண்ணீர் இருந்தது. உதடு லேசாக அசைந்ததை முனிலட்சுமி பார்த்தாள். தாகம் வைராக்கியத்தை ஜெயிக்கிற நேரம் அது, அவளுக்கு நன்றாகவே தெரிந்தது.

அவள் தம்ளரைக் கீழே வைத்தாள். முந்தானையால் கிழவியின் கழுத்தைத் துடைத்தாள். இரண்டாவது தடவை ஊற்றவில்லை.